எத்தனை மாதம் பால் கொடுத்தீர்கள்?: ஆஸ்திரேலியப் பூர்வகுடித் தாய்மார் பற்றிய ஆய்வுகள் சொல்வதும் விடுவதும்

ஒரு குழந்தை எத்தனை காலம் தாய்ப்பால் குடிக்கும் என்பதைக் கணிக்கப் பொதுச் சுகாதாரப் பாடநூல்களில் ஒரு பட்டியல் உண்டு. தாய்க்கு முப்பதை ஒட்டிய வயது, நல்ல படிப்பு, போதிய வருமானம், உடனிருக்கும் கணவன், புகைபிடிக்காத பழக்கம், நிறைமாதப் பிரசவம் எல்லாம் அமைந்தால் குழந்தை நெடுநாள் பால்குடிக்கும். இவற்றில் குறை விழ விழக் காலமும் சுருங்கும். பணக்கார நாடுகளில் இந்தக் கணக்கு பெரும்பாலும் பொய்ப்பதில்லை. ஆஸ்திரேலிய வெள்ளையினத்தாரிடையே எடுத்த ஆய்வுகளும் இதையே திரும்பத் திரும்பச் சொல்கின்றன.

அதே பட்டியலோடு அந்நாட்டின் பூர்வகுடி மக்களிடம் போனால் கணக்கு இடறுகிறது. வட பிரதேசத்தின் பாலைவன ஊர்களிலும் ஆர்னம் லேண்ட் கரையோரத்திலும் வாழும் தாய்மார், நகரத்தில் வாழும் பூர்வகுடிப் பெண்களைவிடக் குறைவாகப் படித்தவர்கள், ஏழைகள், ஒரே வீட்டில் பலர் நெருக்கியடித்து வாழ்பவர்கள். பாடநூலின்படி அங்கேதான் தாய்ப்பால் சீக்கிரம் நிற்க வேண்டும். ஆனால் அங்கேதான் அது அதிக நாள் நீடிக்கிறது. மருத்துவமனையும் ஆலோசகரும் கூப்பிடு தூரத்தில் இருக்கிற பெர்த், அடிலெய்டு, சிட்னிப் புறநகர்களில்தான் சில வாரங்களிலேயே வீட்டுக்குள் புட்டி வந்துவிடுகிறது. இந்த முரணை விளக்காத ஆய்வு பாதிக் கதையைத்தான் சொல்கிறது. தாயின் அறிவையும் விருப்பத்தையும் அளந்துகொண்டிருப்பதைவிட, அவள் பால் கொடுக்கும்போது பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்ப்பதே கூடுதல் விடை தரும் என்று, வந்திருக்கும் ஆய்வுகளைச் சேர்த்துப் படிக்கும்போது தோன்றுகிறது.

முதலில் எண்கள். 2021 நிலவரப்படி பூர்வகுடியினரும் டாரஸ் நீரிணைத் தீவினரும் சேர்ந்து ஏறத்தாழ 9,84,000 பேர். ஆஸ்திரேலிய மக்கள்தொகையில் 3.8 விழுக்காடு. சிவப்பு மண், பூமராங், பாறை ஓவியம் என்று நம் மனத்தில் படிந்திருக்கும் படத்துக்கு மாறாக, தொலைதூரப் பகுதிகளில் வாழ்பவர்கள் இவர்களில் ஏழில் ஒருவர் அளவுதான். மற்றவர்கள் நகரவாசிகள், அல்லது சிறுநகரவாசிகள். ஆகவே ‘பூர்வகுடித் தாய்மாரின் தேசிய சராசரி’ என்று அச்சாகும் எண்ணில் நகரத்து அனுபவமே ஓங்கி நிற்கும்.

2010இல் நடந்த தேசிய சிசு உணவூட்டல் கணக்கெடுப்பில், பூர்வகுடி அல்லாத தாய்மாரில் 96 விழுக்காட்டினரும் பூர்வகுடித் தாய்மாரில் 87 விழுக்காட்டினரும் தாய்ப்பால் கொடுக்கத் தொடங்கியிருந்தார்கள். 2012-13இல் எடுத்த பூர்வகுடி உடல்நலக் கணக்கெடுப்பில், மூன்று வயதுவரையிலான குழந்தைகளில் எப்போதாவது தாய்ப்பால் குடித்தவர்கள் 83 விழுக்காடு. மற்ற குழந்தைகளில் 93. தொடக்கத்தில் இருக்கும் இந்த இடைவெளி மலைக்கத்தக்கதல்ல. பத்தில் எட்டொன்பது பூர்வகுடித் தாய்மார் பால் கொடுக்க விரும்புகிறார்கள், கொடுக்கவும் தொடங்குகிறார்கள். அதற்குப் பிறகு என்ன நடக்கிறது என்பதே கேள்வி.

இந்த எண்களோடு கொஞ்சம் மல்லுக்கட்டவும் வேண்டியிருக்கிறது. 2010 கணக்கெடுப்பில் விவரம் தந்தவர்கள் 28,000க்கும் மேல். அவர்களில் பூர்வகுடியினர் மிகச் சிலர், தொலைதூர ஊர்க்காரர்கள் அதிலும் சிலர். படிவத்தை நிரப்பி அனுப்பும் வசதியும் பொறுமையும் உள்ளவர்களே பதில் சொன்னார்கள் என்று வைத்துக்கொண்டால், மிச்சப் பேரின் நிலை அதில் பதிவாகவில்லை. அதைவிடச் சிக்கல், ‘தாய்ப்பால்’ என்று எதைச் சொல்கிறோம் என்பது. தண்ணீர்கூடக் கொடுக்காமல் தாய்ப்பால் மட்டும் என்பது ஒரு அளவுகோல். தாய்ப்பாலே பெரும்பகுதி என்பது இன்னொன்று. ஒரு வேளையாவது கொடுத்தால் போதும் என்பது மூன்றாவது. பகலில் புட்டியும் இரவில் முலைப்பாலுமாக ஒன்றரை வருடம் ஓட்டிய தாய், ஓர் ஆய்வில் ஒன்றரை வருடக் கணக்கில் சேருவாள், வேறோர் ஆய்வில் இரண்டு வாரக் கணக்கில். பூர்வகுடி வீடுகளில் இந்தக் கலப்பு முறை சாதாரணம். எனவே ஆய்வுகளை ஒப்பிடும்போது எந்த அளவுகோல் என்று பார்க்காமல் எண்ணை மட்டும் எடுத்தால் தவறான முடிவுக்கே போய்ச் சேருவோம்.

காலனியாதிக்கத்துக்கு முன் பூர்வகுடிக் குழந்தை மூன்று, நான்கு வயதுவரை பால்குடித்தது என்பதில் மானிடவியலாளர்களிடையே பெரிய சர்ச்சை இல்லை. வேட்டையாடியும் சேகரித்தும் வாழ்ந்த சமூகத்தில் ஆட்டுப்பாலோ மாட்டுப்பாலோ கிடையாது. குழைந்த கஞ்சியாகக் கொடுக்கத் தானியப் பயிரும் இல்லை. தேன், கிழங்கு, தாய் மென்று ஊட்டும் இறைச்சி இவற்றோடு முலைப்பாலும் தொடர்ந்தது. நீண்ட காலம், அதுவும் இரவும் பகலும் அடிக்கடிப் பால் கொடுப்பது அடுத்த கருத்தரிப்பைத் தள்ளிப்போட்டது. நாள் முழுக்க நடக்கும் பெண்ணுக்கு இடுப்பில் ஒரு குழந்தைதான் தாங்கும். குடும்பத்தின் அளவைக் காத்ததில் தாய்ப்பாலுக்குப் பெரிய பங்கிருந்தது.

பால் கொடுத்தவள் பெற்றவள் மட்டுமல்லள். பூர்வகுடி உறவுமுறையில் அம்மாவின் அக்காவும் தங்கையும் அம்மாதான். தமிழருக்கு இதைச் சொல்லிப் புரியவைக்கத் தேவையில்லை; பெரியம்மாவும் சின்னம்மாவும் நமக்கு இருக்கிறார்கள். மேற்கு ஆஸ்திரேலியாவின் கரியேரா மக்களுடைய உறவுமுறையையும் திராவிட உறவுமுறையையும் அருகருகே வைத்துப் பேசுவது மானிடவியலில் பழைய வழக்கம். அங்கே இது பால்குடி வரைக்கும் நீண்டது. பெற்றவள் கிழங்கு தோண்டப் போயிருந்தால் பால் உள்ள இன்னோர் அம்மா குழந்தையை எடுத்துக்கொள்வாள். பிரசவத்துக்குப் பிறகான பராமரிப்பும் மூத்த பெண்களின் பொறுப்பு. சூடாக்கிய புற்றுமண்ணால் தாய்க்கு ஒத்தடம் கொடுப்பது, குறிப்பிட்ட இலைகளை எரித்துத் தாயையும் சேயையும் புகையில் காட்டுவது போன்ற வழக்கங்கள் வட ஆஸ்திரேலியாவிலும் மத்தியப் பாலைவனத்திலும் இன்றும் சில ஊர்களில் இருக்கின்றன. பால் நன்றாகச் சுரக்கும் என்பது அவர்கள் நம்பிக்கை. புற்றுமண்ணின் வேதியியல் எப்படியோ போகட்டும். பிள்ளை பெற்ற இளம்பெண்ணைச் சுற்றி நாலு அனுபவசாலிகள் பல நாள் உட்கார்ந்திருப்பார்கள். குழந்தையை எப்படிப் பிடிப்பது, காம்பு வெடித்தால் என்ன செய்வது, பால் கட்டிக்கொண்டால் எப்படிக் கறப்பது என்பதெல்லாம் பாடம் நடத்தாமலே கைமாறும். நவீனப் பாலூட்டல் ஆலோசனை கட்டணம் வாங்கிக்கொண்டு செய்ய முயல்வது கிட்டத்தட்ட இதைத்தான்.

இந்த வளையத்தை உடைத்தது என்ன என்பதற்கு விடை தேட ஆவணங்களுக்குப் பஞ்சமில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து மிஷன்களும் அரசுக் குடியிருப்புகளும் பூர்வகுடி மக்களை ஓரிடத்தில் அடைத்தன. மாவு, சர்க்கரை, தேயிலை ரேஷனாக வந்தன. பின்னர் டப்பாப் பாலும் வந்தது. பிள்ளைகள் பெற்றோரிடமிருந்து பிரித்து விடுதிகளில் பூட்டப்பட்டார்கள். குயின்ஸ்லாந்தின் செர்போர்க், மேற்கு ஆஸ்திரேலியாவின் மூர் ரிவர், நியூ சவுத் வேல்ஸின் கூட்டமுண்ட்ரா பெண்கள் இல்லம் என்று இந்தப் பட்டியல் நீளம். ‘திருடப்பட்ட தலைமுறைகள்’ பற்றி 1997இல் வெளிவந்த அரசு விசாரணை அறிக்கை, 1910 முதல் 1970 வரை பூர்வகுடிப் பிள்ளைகளில் மூன்றில் ஒருவருக்கும் பத்தில் ஒருவருக்கும் இடைப்பட்ட எண்ணிக்கையினர் குடும்பங்களிலிருந்து பறிக்கப்பட்டார்கள் என்று மதிப்பிட்டது.

பாலூட்டல் ஆய்வுகளில் இந்த அறிக்கை ஒரு வரி முன்னுரையாக வந்துவிட்டுப் போய்விடுகிறது. அதற்கு அதைவிடப் பெரிய இடம் தர வேண்டும். விடுதியில் வளர்ந்த பெண், பால்குடிக்கும் கைக்குழந்தையை அருகிலிருந்து பார்க்க வாய்ப்பே இல்லாமல் பருவமடைந்தவள். பதினைந்து வயதில் அவளை வெள்ளையர் வீட்டு வேலைக்கு அனுப்பினார்கள். பிறகு அவளே தாயானபோது கைமாற்றித்தர யாரும் பக்கத்தில் இல்லை. பிறந்த குழந்தையையும் எடுத்துக்கொண்டு போய்விடுவார்களோ என்ற பயம் மட்டும் இருந்தது. 1950களில், 60களில் அப்படித் தாயானவர்களின் பேத்திகள்தான் இன்று பெர்த்திலும் சிட்னியிலும் கேள்வித்தாளுக்குப் பதில் எழுதும் தாய்மார். பாட்டி பால் கொடுத்தாளா என்ற கேள்விக்குப் பின்னால் ஒரு நாட்டின் கொள்கையே நிற்கிறது.

இதே காலத்தில் வெள்ளை ஆஸ்திரேலியா வேறொரு பாதையில் போய்க்கொண்டிருந்தது. போருக்குப் பிந்தைய மருத்துவமனைப் பிரசவம், நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை பால் என்ற கண்டிப்பு, பால்மாவு விளம்பரம் எல்லாம் சேர்ந்து 1960களின் முடிவில் தாய்ப்பாலை மிகத் தாழ்ந்த நிலைக்குக் கொண்டுவந்தன. 1964இல் மெல்பர்னில் மேரி பேட்டனும் சில தாய்மாரும் சேர்ந்து பாலூட்டும் தாய்மார் சங்கம் தொடங்கினார்கள். இன்றைய ஆஸ்திரேலியப் பாலூட்டல் சங்கம் அதன் தொடர்ச்சி. படித்த நடுத்தர வர்க்கப் பெண்கள் வழியாகத் தாய்ப்பால் மீண்டும் ஏறியது. ஆக, வெள்ளையர்கள் தாய்ப்பாலைக் கைவிட்டிருந்த ஆண்டுகளில் தொலைதூரப் பூர்வகுடிப் பெண்கள் அதை விடாமல் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். வெள்ளையர்கள் அதைத் திரும்பக் கண்டெடுத்தபோது நகரத்துப் பூர்வகுடிப் பெண்களிடம் அது கைநழுவிக்கொண்டிருந்தது. ‘பூர்வகுடித் தாய்மாருக்கு விழிப்புணர்வு போதவில்லை’ என்று எழுதும் அறிக்கைகள் இந்த வரிசையை மறந்துவிடுகின்றன. பால்மாவை நவீனம் என்று கற்றுக்கொடுத்ததும் அதே மருத்துவமனைகள்தான்.

இனி அண்மைக் கால ஆய்வுகள். பெர்த்தில் ஆறு மருத்துவமனைகளில் பிரசவித்த 425 பூர்வகுடித் தாய்மாரைக் காலின் பின்ஸ் குழுவினர் பிரசவத்துக்குப் பிறகு 24 வாரம் வரை தொலைபேசியில் தொடர்ந்தார்கள். முடிவுகள் 2004 முதல் வெளியாயின. மருத்துவமனையில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பேர் தாய்ப்பால் தொடங்கியிருந்தார்கள். யார் தொடங்கினார்கள் என்று பார்த்தபோது முன்னே வந்து நின்றவை இரண்டு: குழந்தையின் தகப்பன் தாய்ப்பாலை விரும்புகிறான் என்று தாய் எண்ணியது, தன் அம்மா அதை விரும்புகிறாள் என்று எண்ணியது. மருத்துவரும் கையேடும் அந்த இடத்தில் இல்லை. தகப்பனைப் பற்றிய இந்தக் கண்டுபிடிப்பு வெள்ளையினத் தாய்மாரிடமும் உண்டு என்பதால் அதைத் தனித்தன்மை என்று சொல்ல முடியாது. ஆனால் பாட்டியின் சொல்லுக்கு இருக்கும் கனம் கவனிக்கத்தக்கது. நகரத்து நெருக்கடியில் பல பூர்வகுடி வீடுகளைத் தாங்கி நிற்பவள் ‘நேன்’ என்று அழைக்கப்படும் அந்தப் பாட்டிதான். மகள் வேலைக்கோ பள்ளிக்கோ போனால் குழந்தை அவளிடம். அவள் புட்டி வளர்த்த தலைமுறையாக இருந்தால் புட்டி வரும்.

தெற்கு ஆஸ்திரேலியாவின் பூர்வகுடிக் குடும்பங்கள் ஆய்வு 2011 நடுவிலிருந்து 2013 நடுவுக்குள் குழந்தை பெற்ற 344 தாய்மாரிடம் பேசியது. 86 விழுக்காட்டினர் தொடங்கியிருந்தார்கள். 12ஆவது வாரத்தில் எஞ்சியவர்கள் 54 விழுக்காடு. அதாவது ஆறு மாதம், ஒரு வருடம் என்று எல்லோரும் பேசிக்கொண்டிருக்க, மூன்று மாதத்துக்குள்ளேயே பெரிய சரிவு நடந்து முடிந்துவிடுகிறது. இந்த ஆய்விலும் தொலைதூர ஊர்களின் தாய்மார் அடிலெய்டு தாய்மாரைவிட 12ஆவது வாரத்தில் அதிகம் பால் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அதே 344 பேரில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் கர்ப்ப காலத்தில் மூன்றோ அதற்கு மேலோ பெரிய துயரங்களைச் சந்தித்திருந்தார்கள்: வீடிழப்பு, நெருங்கியவர் மரணம், குடும்ப வன்முறை, சிறை, பணமுடை. ஒரு கேள்வித்தாளில் ‘ஏன் நிறுத்தினீர்கள்?’ என்று கேட்டால் ‘பால் போதவில்லை’ என்று எழுதிவிட்டுப் போகும் தாய்க்கு இத்தனையும் பின்னால் இருக்கலாம்.

2008இல் தொடங்கிய பூர்வகுடிக் குழந்தைகளின் நெடுங்கால ஆய்வு 11 இடங்களில் ஏறத்தாழ 1,700 குழந்தைகளை ஆண்டுதோறும் பின்தொடர்ந்தது. கேள்வி கேட்பவர்களே பூர்வகுடியினராக இருந்தது இதன் பெரிய பலம். ஒதுங்கிய ஊர்களில் பால்குடிக் காலம் நீள்வது இதிலும் தெரிந்தது.

‘பால் பத்தவில்லை’ என்ற காரணத்தைக் கொஞ்சம் தோண்டிப் பார்க்கலாம். உலகெங்கும் தாய்மார் சொல்லும் முதல் காரணம் இது. பால் சுரப்பு எப்படி ஒழுங்குபடுகிறது என்பதை விளக்கியவர்களில் மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தின் பீட்டர் ஹார்ட்மன் முக்கியமானவர். முலை எவ்வளவு காலியாகிறதோ அந்த அளவுக்கு அது மீண்டும் நிரம்பும். நிறைந்தே இருந்தால் சுரப்பு குறையும். ஒரு வேளை புட்டி கொடுத்தால் ஒரு வேளை பால் குறைகிறது. குறைந்ததால் இன்னொரு புட்டி. இந்தச் சுழலுக்குள் நுழைய ஒரே ஓர் இரவு போதும்: விடாமல் அழும் குழந்தை, பதினெட்டு வயதுத் தாய், பக்கத்தில் அனுபவசாலி யாரும் இல்லை, தெருமுனைக் கடையில் பால்மாவு. பூர்வகுடித் தாய்மாரின் சராசரி வயது ஏறத்தாழ 26, மற்றவர்களுக்கு 31. இருபதுக்குக் கீழே தாயாகிறவர்களின் விகிதமும் பல மடங்கு அதிகம். வயதைத் தனிக் காரணியாக எடுத்துக் கணிப்பொறியில் போடலாம். ஆனால் பெரியம்மாக்கள் சூழ்ந்திருக்கும் பதினெட்டு வயதும், வாடகை வீட்டில் தனித்திருக்கும் பதினெட்டு வயதும் ஒன்றா?

உடல் சார்ந்த காரணங்களையும் ஒதுக்கிவிட முடியாது. கர்ப்ப காலத்தில் புகைபிடிக்கும் பூர்வகுடித் தாய்மார் 2009இல் பாதிப் பேர். பத்தாண்டு கழித்தும் 44 விழுக்காடு. புகைபிடிக்கும் தாய்மார் சீக்கிரம் நிறுத்துவதை ஆஸ்திரேலிய ஆய்வுகள் பலவும் காட்டுகின்றன. நிக்கோடின் பால் சுரப்பைக் குறைக்கலாம்; புகைபிடிப்பவள் பால் கொடுக்கக் கூடாது என்ற தவறான எண்ணமும் வேலை செய்யலாம். புகையோடு சேர்த்தே தாய்ப்பால் கொடுப்பது, புகையும் புட்டியும் சேர்வதைவிடக் குழந்தைக்கு நல்லது என்பதே மருத்துவ நிலைப்பாடு. ‘குடிக்காதே, புகைக்காதே’ என்று அதட்டும் சுவரொட்டி இதைச் சொல்வதில்லை. அதைப் பார்த்துப் பயந்துபோன தாய் சிகரெட்டை விடாமல் பாலை விட்டுவிடுகிறாள்.

குறைமாதப் பிரசவம் பூர்வகுடிக் குழந்தைகளில் ஏறத்தாழ 14 விழுக்காடு. மற்றவர்களில் எட்டு, ஒன்பது. இன்குபேட்டரில் இருக்கும் குழந்தைக்குப் பாலைக் கறந்துதான் கொடுக்க வேண்டும். தாய் ஐந்நூறு கிலோமீட்டர் தள்ளி மற்றப் பிள்ளைகளோடு இருந்தால் அதுவும் நடக்காது. இரண்டாம் வகை நீரிழிவும் உடல் பருமனும் கூடுதல் சுமை. பிரசவத்துக்குப் பின் இரண்டு மூன்று நாளில் பால் பெருக்கெடுக்க இன்சுலினின் ஒத்துழைப்பு வேண்டும். நீரிழிவுள்ள தாய்க்கு அது தாமதமாகிறது. பூர்வகுடிக் கர்ப்பிணிகளிடம் கர்ப்பத்துக்கு முன்பே இருக்கும் இரண்டாம் வகை நீரிழிவு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம், அதுவும் இளம் வயதிலேயே. இது ‘பால் பத்தவில்லை’ என்பதற்கு உண்மையான உடற்காரணமாக வளர்ந்துவரும் பிரச்சினை. பாட்டிமார் காலத்தில் இல்லாத ஒன்று என்பதால் பாட்டியின் அனுபவமும் இதற்கு முழுதாக உதவாது.

தொலைதூர ஊர்களைப் பற்றிப் பெருமைப்பட்டுக்கொண்டே போவதும் ஆபத்து. அங்கே தாய்ப்பால் நீடிப்பதில் கட்டாயத்துக்கும் பங்குண்டு. நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு ஒரே கடை; அங்கே பால்மாவின் விலை நகரத்தைவிட மிக அதிகம். முன்பணம் கட்டும் மின் அட்டை தீர்ந்தால் மின்சாரம் நின்றுவிடும். குளிர்பெட்டியும் வெந்நீரும் அதோடு போகும். புட்டியைக் கொதிக்கவைத்துச் சுத்தம் செய்ய அந்த வீட்டில் வழியில்லை என்று தாய்க்குத் தெரியும். நகரத்தில் இந்தத் தடைகள் எதுவும் இல்லை என்பதே அங்கே புட்டி சுலபமாக நுழைவதற்கு ஒரு காரணம். மேலும், பால்குடிக் காலம் நீண்டிருப்பதாலேயே குழந்தை தழைத்துவிடாது. ஆறு மாதத்துக்கு மேல் சரியான இணை உணவு சேராமல், வயிற்றுப்போக்கும் சளியும் காதுச்சீழும் மாறிமாறி வந்து, தாய்ப்பால் குடித்துக்கொண்டே எடை குறைந்த குழந்தைகளை வட ஆஸ்திரேலியக் குழந்தை மருத்துவர்கள் பல பத்தாண்டுகளாகப் பதிவு செய்திருக்கிறார்கள். 1960களின் நடுவில் வட பிரதேசத்தில் ஆயிரம் பூர்வகுடிக் குழந்தைகளில் நூற்றுக்கும் மேல் முதல் ஆண்டிலேயே இறந்தன. அவற்றில் பல தாய்ப்பால் குடித்த குழந்தைகளே. சிக்கல் தாய்ப்பாலில் இல்லை. குடிநீரில், கழிவறையில், கடைச் சாமானில். ஆனால் எடை அட்டையில் கோடு இறங்கும்போது, செவிலி முதலில் சந்தேகப்படுவது தாயின் பாலைத்தான். ‘உன் பால் போதவில்லை’ என்ற அந்த ஒரு வாக்கியம் மருத்துவ அதிகாரத்தோடு வரும்போது, பல தலைமுறை நம்பிக்கையையும் அசைத்துவிடும்.

பிரசவமே ஊரைவிட்டுப் போனதும் இன்னொரு பெரிய மாற்றம். 1970களிலிருந்து தொலைதூரக் கர்ப்பிணிகளைப் பிரசவ தேதிக்கு இரண்டு மூன்று வாரம் முன்பே டார்வின், ஆலிஸ் ஸ்பிரிங்ஸ், கெய்ன்ஸ் போன்ற ஊர்களுக்கு விமானத்தில் அனுப்பிக் காத்திருக்க வைப்பது வழக்கமாகிவிட்டது. தாய், சேய் மரணங்களைக் குறைக்க எடுத்த முடிவு. அந்த நோக்கத்தைக் குறைசொல்ல முடியாது. ஆனால் மூத்த பெண்களின் துணை மிகவும் தேவைப்படும் நாட்களில், மொழி தெரியாத வார்டில், பெண் விவகாரங்களை ஆண் மருத்துவரிடம் பேசக் கூசிக்கொண்டு, வீட்டில் விட்டுவந்த பிள்ளைகளை நினைத்துக்கொண்டு அவள் தனியாகக் கிடக்கிறாள். முதல் பால் ஊட்டலும் முதல் வலியும் அங்கேதான் நிகழ்கின்றன. சிலர் சொல்லாமல் கொள்ளாமல் ஊருக்குத் திரும்பிவிடுவதும் உண்டு. ஆவணத்தில் அவர்களுக்குப் பெயர் ‘ஒத்துழைக்காத நோயாளி’.

நகரத்தில் வேறு கூச்சம். பூர்வகுடி மக்கள் அன்றாடம் ‘ஷேம்’ என்று சொல்வது, பலர் கண் தன்மேல் படும்போது வரும் உடம்பைக் குறுகவைக்கும் உணர்வு. ஊரில் பெண்கள் கூட்டத்தில் இயல்பாக மார்பைத் திறந்து பால் கொடுத்தவள், ஷாப்பிங் மாலிலோ காத்திருப்பு அறையிலோ அதைச் செய்ய மாட்டாள். மாமன் முறையினரும் வந்துபோகும் சின்ன வீட்டிலும் அதே தயக்கம். பெண்களுக்கென்று தனி இடம் இருந்த வாழ்க்கையிலிருந்து, தனியிடமே இல்லாத வீட்டுக்கு வந்ததன் விளைவு இது.

வேலைக்குத் திரும்புவதை மற்ற ஆய்வுகள் பெரிதாகப் பேசும். 2011இல் வந்த 18 வார ஊதியத்துடன் கூடிய பேறுகால விடுப்பும் உழைக்கும் பெண்களுக்கு உதவியது. முறையான வேலையே இல்லாதவர்கள் அதிகமுள்ள சமூகத்தில் இந்தக் காரணி சின்னதுதான்.

பேசத் தயங்குகிற காரணி ஒன்று இருக்கிறது. குழந்தைப் பாதுகாப்புத் துறையின் பராமரிப்பில் இருக்கும் பூர்வகுடிப் பிள்ளைகளின் விகிதம் மற்றவர்களைவிடப் பத்துப் பதினொரு மடங்கு. பிறந்த சில நாட்களில், சில வேளை பிரசவ வார்டிலிருந்தே, குழந்தையை எடுத்துக்கொள்வதும் நடக்கிறது. பெண் கைதிகளில் மூன்றில் ஒருவருக்கும் மேல் பூர்வகுடியினர். விசாரணைக் காலத்தில் சில வாரம் உள்ளே போய்வந்தாலே பால் வற்றிவிடும். பால்குடிக் காலத்தைப் பற்றிய கணக்கெடுப்புகள் தாயும் சேயும் ஒரே கூரையின் கீழ் இருப்பதாக எடுத்துக்கொண்டுதான் கேள்வியே கேட்கின்றன. பிரிக்கப்பட்ட இணைகள் மாதிரிக்குள் வருவதில்லை. பிரிக்கப்படாத தாயிடமும் இந்தப் பயம் இருக்கிறது: குழந்தைக்கு எடை ஏறவில்லை என்றால் அதிகாரிகள் வருவார்களோ என்று அஞ்சுகிறவளுக்கு, எத்தனை மில்லி குடித்தது என்று கோடு போட்டுக் காட்டும் புட்டி ஒரு சாட்சியம். அவள் அதை எடுப்பதை அறியாமை என்று எப்படிச் சொல்வது?

நல்லது நடந்த இடங்களைப் பார்த்தால், அவை எல்லாமே ஏதோ ஒரு வகையில் அந்தப் பெண்கள் வளையத்தைத் திரும்பக் கட்டியவை. ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் 1987இல் பூர்வகுடிப் பெண்களே கேட்டு உருவாக்கிய அலுகுரா மையத்தில் பெண் விவகாரங்களைப் பெண்களே பார்த்தார்கள், மூத்தவர்களின் முறைகளுக்கும் இடமிருந்தது. வட பிரதேசத்தில் 1993இல் தொடங்கிய ‘வலுவான பெண்கள், வலுவான குழந்தைகள், வலுவான பண்பாடு’ திட்டம் ஊரில் மதிப்புள்ள மூத்த பெண்களைச் சம்பளம் கொடுத்துக் கர்ப்பிணிகளோடு சேர்த்தது. பிரிஸ்பேனில் 2013இல் பூர்வகுடிச் சுகாதார அமைப்புகள் மேட்டர் தாய்மார் மருத்துவமனையோடு சேர்ந்து தொடங்கிய திட்டம் இன்னும் முறையாக அளக்கப்பட்டது. கர்ப்பம் முதல் பிரசவத்துக்குப் பின்வரை ஒரே மருத்துவச்சி, கூடவே பூர்வகுடிக் குடும்பப் பணியாளர், வந்துபோக வண்டி. 2013 முதல் 2019 வரையிலான பிரசவங்களை ஒப்பிட்டு 2021இல் வெளிவந்த ஆய்வில், வழக்கமான சேவையில் இருந்தவர்களைவிட இவர்களிடம் குறைமாதப் பிரசவம் குறைந்திருந்தது. வீடு திரும்பும் நாளில் தாய்ப்பால் மட்டும் கொடுத்தவர்களும் அதிகம்.

எழுத்தில் இத்தனை நன்றாகத் தோன்றும் இத்திட்டங்களைக் குறித்து எனக்கு ஒரு நெருடல் உண்டு. அளந்தது வீடு திரும்பும் நாளில். சரிவு நடப்பதோ அதற்குப் பிந்தைய மூன்று மாதத்தில். கர்ப்பம் முதல் குழந்தையின் இரண்டாம் பிறந்தநாள் வரை வீட்டுக்கே போகும் செவிலி–குடும்பக் கூட்டுத் திட்டம் ஒன்று பூர்வகுடிக் குடும்பங்களுக்காக நடக்கிறது; அதன் நீளம் சரியானது, எட்டும் ஊர்கள்தான் கொஞ்சம்.

அரசு இலக்குகளில் இந்தக் கேள்வியின் இடம் தெளிவில்லை. 2019இல் அறிவித்த தேசியத் தாய்ப்பால் உத்தி, ஆறு மாதம்வரை தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தைகளை 2022க்குள் 40 விழுக்காடாகவும் 2025க்குள் 50 விழுக்காடாகவும் உயர்த்த வேண்டும் என்றது. பூர்வகுடி மக்களுக்கும் மற்றவர்களுக்கும் இடையிலான இடைவெளியை மூட 2020இல் கையெழுத்தான தேசிய ஒப்பந்தத்தில், 2031க்குள் 91 விழுக்காடு குழந்தைகள் சரியான எடையோடு பிறக்க வேண்டும் என்ற இலக்கு உண்டு. தாய்ப்பாலுக்கு இலக்கு இல்லை. பிறந்த எடையைப் பிரசவ அறையிலேயே நிறுத்துப் பதிந்துவிடலாம். 12ஆவது வாரத்தில் அந்தக் குழந்தை என்ன குடிக்கிறது என்று அறிய யாராவது அந்த வீட்டுக்குப் போக வேண்டும். கதவைத் தட்டினால் திறக்கக்கூடிய அளவுக்கு நம்பிக்கை பெற்றவர்கள் பூர்வகுடிச் சுகாதாரப் பணியாளர்கள்தான். அவர்களுடைய பணியிடங்களில் பலவும் குறுகிய கால நிதி ஒதுக்கீட்டில் ஓடிக்கொண்டிருக்கின்றன.